இரண்டு கட்டடம், ஒரே அட்டவணை

"மறுபடியும் மாட்டேங்குது, மேடம்!"

குண்டூசி கீபோர்டைத் தள்ளிவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். திரையில் சிவப்பு எழுத்தில் அதே வரி. அட்டவணைகளின் தலைப்புகள் பொருந்தவில்லை, இணைக்க முடியாது. காலையிலிருந்து அந்த ஒரு வரியைப் பார்த்துப் பார்த்து அவன் கண்ணே சிவந்துவிட்டது.

"கல்யாணத் தரகர்கூட இவ்ளோ கறாரா இருக்க மாட்டார், மேடம். இந்தக் கம்ப்யூட்டருக்கு ஈவு இரக்கமே கிடையாதா?"

"அதுக்கு இரக்கம் எதுக்கு? உனக்குப் பொறுமை இருந்தாப் போதும்."

மேடம் கண்ணைத் திறக்காமலே சொன்னார். துப்பறியும் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவர். திருடனைப் பிடிப்பதும் தப்புக் கணக்கைப் பிடிப்பதும் ஒரே வேலைதான் என்பது அவர் கட்சி. குண்டூசி அவருடைய உதவியாளன். பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. ஆள் ஒல்லி, வாயைத் திறந்தால் யாரையாவது குத்தாமல் மூடமாட்டான். அதனால் இந்தப் பேர் ஒட்டிக்கொண்டது.

இன்றைக்கு அந்த வாய் வழக்கத்தைவிட அதிகமாகப் பேசிக்கொண்டிருந்தது. பயத்தில் இருந்தால் அவன் அப்படித்தான். இரண்டு அறை தள்ளி, பார்வையாளர்கள் உட்காரும் சின்ன ரூமில், அவனுடைய சொந்த அக்காவை உட்கார வைத்திருந்தார்கள். சாயங்காலம் போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

விஷயம் இதுதான். இந்தக் கம்பெனி செய்வது மின்பூட்டு. அட்டையைக் காட்டினால் கதவு திறக்கும். கரண்ட் போனால் என்ன செய்வது? அதற்காக ஒவ்வொரு பூட்டின் அடியிலும் ஒரு சாவித் துவாரம். அத்தனை துவாரத்துக்கும் பொருந்துகிற ஒரே சாவி, மூலச்சாவி, புதுக் கட்டடத்துச் சாவி அறையில் பெட்டிக்குள் இருந்தது. முந்தாநாள் மதிய இடைவேளைக்கு முன்னால் மேனேஜர் தன் கண்ணால் பார்த்தார். இடைவேளை முடிந்து வந்து பார்த்தால் பெட்டி காலி. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ஹோட்டல் என்று எங்கே பார்த்தாலும் இவர்கள் பூட்டுதான். அந்தச் சாவி யார் கையில் இருக்கிறதோ அவன் நினைத்தால் யார் வீட்டு அலமாரி வரைக்கும் போகலாம்.

அக்காவுக்கு வேலை அந்தச் சாவி அறையில்தான். இடைவேளை முழுக்க அந்த அறைக்குள் அவள் ஒருத்திதான் இருந்தாள் என்று கதவுகளின் பதிவு சொன்னது.

கதவு பொய் சொல்லுமா? கம்பெனியில் எல்லோரும் கேட்ட கேள்வி அதுதான். தங்கள் சரக்கின் மேல் அவர்களுக்கு அப்படி ஒரு மோகம். கதவு என்று ஒன்று இருந்துவிட்டால் போதும், பூட்டை மாட்டிவிடுவார்கள். டாய்லெட்டுக்குப் போகக்கூட அட்டை, திரும்பி வரவும் அட்டை. யார், எந்த நேரத்தில், எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போனார்கள் என்று கதவே எழுதிவைத்துக்கொள்ளும்.

பழைய கட்டடத்துக்கு ஒரு அட்டவணை, புதுக் கட்டடத்துக்கு ஒரு அட்டவணை. இரண்டு கட்டடத்திலும் வேறு வேறு ஆள் செய்த பதிவு மெஷின். கேன்டீன் பழைய கட்டடத்தில் இருந்ததால், இடைவேளையில் யார் எங்கே இருந்தார்கள் என்று தெரிய வேண்டுமென்றால் இரண்டையும் ஒன்றாக்கிப் பார்த்தாக வேண்டும். அதைக் கம்பெனியின் புள்ளிவிவரக்காரர் ஏற்கெனவே செய்து, இடைவேளை நேரத்தை மட்டும் வெட்டி எடுத்து ரிப்போர்ட்டும் கொடுத்துவிட்டார். குண்டூசி மேனேஜர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி ஒரு நாள் அவகாசம் வாங்கியிருந்தான். மேடம் வந்ததும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ரிப்போர்ட் வேண்டாம். ரெண்டு அட்டவணையும் தனித்தனியாக் குடுங்க. நாங்களே சேர்த்துப் பார்க்கிறோம்."

அப்போது ஆரம்பித்த தலைவலி. பழைய கட்டடத்து அட்டவணையில் நாலு பத்தி. அட்டை, நேரம், எங்கிருந்து, எங்கே. புதுசில் அஞ்சு பத்தி, ஒன்றுக்கும் தலைப்பே இல்லை. மொட்டையாக வந்திருந்தது. புரோகிராம் முதல் ஆளின் அட்டை எண்ணையே தலைப்பு என்று எடுத்துக்கொண்டு, பொருந்தவில்லை பொருந்தவில்லை என்று கத்தியது. அஞ்சாவது பத்தி பேட்டரி அளவு என்று கண்டுபிடித்து அதைத் தூக்கி எறிந்தார்கள். அப்போதும் மாட்டேன் என்றது. "எப்படியாவது சேர்த்துத் தொலை" என்று கட்டாயப்படுத்தினால், எட்டுப் பத்தி போட்டு ஒரு பெரிய அட்டவணையைத் துப்பியது. மேல் பாதியில் வலதுபக்கம் காலி, கீழ்ப் பாதியில் இடதுபக்கம் காலி.

"சண்டை போட்ட ரெண்டு குடும்பம் ஒரே வீட்ல குடியிருக்கிற மாதிரி இருக்கு, மேடம். நடுவுல சுவர் மட்டும்தான் இல்ல."

"அழி. திரும்ப ஆரம்பி."

"இன்னும் முடியலையா?"

வாசலில் செக்யூரிட்டி ஆபீசர் நின்றார். நல்ல உயரம், இடுப்பில் ஒரு பெரிய சாவிக்கொத்து. அவர் நடந்தால் கொத்து முதலில் வரும், ஆள் பின்னால் வருவார்.

"தம்பி, உன் கஷ்டம் எனக்குப் புரியுது. கூடப் பிறந்தவங்கன்னா யாருக்கும் மனசு கேக்காது. ஆனா மெஷின் ஒண்ணு சொன்னா அதுக்கு மேல நாம என்ன செய்ய முடியும்?"

"ரொம்ப நன்றி, சார். இந்த ஆறுதலுக்கு ஒரு அட்டை குடுங்க, வேணும்கிறப்போ காட்டி வாங்கிக்கிறேன்."

அவர் பின்னாலேயே புள்ளிவிவரக்காரர் எட்டிப் பார்த்தார். குண்டூசி அவருக்கு வைத்திருந்த பேர் கால்குலேட்டர். சட்டைப் பையில் மூன்று பேனா, முகத்தில் தூக்கமே இல்லை. திரையைப் பார்த்ததும் அவர் சிரித்துவிட்டார்.

"அய்யோ, இதுக்குத்தான் காலைலேர்ந்து கஷ்டப்படுறீங்களா? எனக்கும் இப்படித்தான் உயிரை வாங்கிச்சு, மேடம். புதுக் கட்டடத்து மெஷின் போடுற தலைப்பு ஏதோ ஒரு தினுசா இருக்கும். அதை வெட்டிட்டேன். பழைய கட்டடத்துத் தலைப்பை அப்படியே தூக்கிப் புதுசு மேல ஒட்டிடுங்க. சத்தம் போடாம சேர்ந்துக்கும்."

மேடத்தின் புருவம் லேசாகச் சுருங்கியது. "ஒட்டினா சேர்ந்துக்கும், சரி. அது சரியான தலைப்புத்தான்னு எப்படித் தெரியும்?"

"அட்டைக்குக் கீழ அட்டை இருக்கு, நேரத்துக்குக் கீழ நேரம் இருக்கு. அடுத்த ரெண்டும் அறைப் பேர். வேற என்ன வேணும்? எங்க தொழில்ல எல்லாரும் செய்யறதுதான், மேடம். அன்னைக்கு ராவோட ராவா ரிப்போர்ட் வேணும்னு என் கழுத்துல கத்தி வச்சாங்க."

குண்டூசி ஒட்டினான். சேர்ந்துகொண்டது. ஒரு முனகல்கூட இல்லை. அவசர அவசரமாக முந்தாநாள் இடைவேளைக்குப் போய்ப் பார்த்தான். அக்காவின் அட்டை. இடைவேளை ஆரம்பத்தில் வராந்தாவிலிருந்து சாவி அறைக்கு. இடைவேளை முடிகிற நேரத்தில் சாவி அறையிலிருந்து வராந்தாவுக்கு. நடுவில் ஒன்றும் இல்லை. ரிப்போர்ட் சொன்னதையே இவர்கள் கையால் செய்த அட்டவணையும் சொன்னது.

அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டதற்கு இதுவா பலன்? ஆத்திரத்தில் மவுஸை மேஜையில் ஒரு குத்துக் குத்தினான். பாவம், அது என்ன செய்யும்? செக்யூரிட்டி ஆபீசர் அனுதாபமாகத் தலையை ஆட்டினார். குண்டூசி எழுந்து வெளியே போனான்.

சின்ன ரூமில் அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாள். எதிரே வைத்த டீயில் ஆடை படிந்திருந்தது.

"சாப்பிட்டியாடா?" என்று கேட்டாள்.

இந்த நிலைமையில் கேட்கிற கேள்வியா இது? குண்டூசி பக்கத்தில் குனிந்தான்.

"அக்கா, ஒரே ஒரு தடவை சொல்லு. இடைவேளைல நீ எங்க இருந்த?"

"எத்தனை தடவைடா சொல்றது? ஸ்கூட்டர் ஷெட்ல. சின்னவளுக்கு ஜுரம், முந்தின ராத்திரி பூரா கண்ணே மூடலை. உக்காந்தேன், அப்படியே அசந்துட்டேன்."

வராந்தாவை ஒட்டியிருந்த அந்த ஷெட்டுக்குக் கதவே கிடையாது. கம்பெனியிலேயே பூட்டு இல்லாத ஒரே இடம். உலகத்தில் தூங்குவதற்கு வேறு இடமே கிடைக்கவில்லையா இவளுக்கு?

"மெஷின் வேற மாதிரி சொல்லுதே, அக்கா. ஏதாவது இருந்தா என்கிட்டயாவது உண்மையைச் சொல்லிடு. நான் பார்த்துக்கறேன்."

அக்கா அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அப்புறம் டீ கிளாஸை எடுத்து, ஆறிப்போனதைக் குடிக்க ஆரம்பித்தாள்.

அவன் திரும்பி வந்தபோது அறையில் கூட்டம் சேர்ந்திருந்தது. மேனேஜரும் வந்துவிட்டார். மூக்கு நுனியில் கோபம் உட்கார்ந்திருந்தது.

"மேடம், இனிமே என்ன பார்க்கப் போறீங்க? போலீசுக்குச் சொல்லிடலாமா?"

"இடைவேளையை மட்டும்தான் பார்த்திருக்கோம். முழு நாளையும் பார்த்துட்டுச் சொல்றேன்," என்றார் மேடம். "குண்டூசி, அன்னைக்கு யாராவது ஒருத்தர் எங்கெங்க போனாங்கன்னு காலைலேர்ந்து படி."

"யாரோடது?"

"யாரோடதா இருந்தா என்ன? புதுக் கட்டடத்து ஆளா இருக்கட்டும்."

குண்டூசிக்கு எரிச்சல் உச்சியில் இருந்தது. யாரையாவது குத்தியே ஆகவேண்டும். எதிரே நின்ற மேனேஜரின் அட்டை எண்ணைப் போட்டான். படிக்கப் படிக்க அவன் வாய் தானாகக் கோணியது.

"சார், நீங்க ரொம்பக் குடுத்து வச்சவர்."

"என்னது?"

"காலைல டாய்லெட்டை விட்டு உங்க ரூமுக்குப் போறீங்க. ரெண்டு நிமிஷம்கூட இல்ல, மறுபடி டாய்லெட்டுக்குள்ள. மத்தியானம் வரைக்கும் அங்கயேதான். அப்புறம் ஒரு எட்டு உங்க ரூமை எட்டிப் பார்க்கறீங்க, திரும்பவும் டாய்லெட். நாள் பூரா அங்கதான் சார் ஆபீசே நடந்திருக்கு. மேஜை நாற்காலியையும் அங்கயே போட்டுக்கலாமே?"

கால்குலேட்டர் வாயைப் பொத்திக்கொண்டார். மேனேஜருக்கு முகத்தில் ரத்தம் ஜிவ்வென்று ஏறியது.

"மேடம், உங்க ஆள் வாயை அடக்கச் சொல்லுங்க! கேவலமா இருக்கு!"

மேடத்துக்கு அது காதில் விழவில்லை. அவர் கண் முழுசாகத் திறந்திருந்தது. எழுந்து வந்து குண்டூசியின் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தார்.

"பழைய கட்டடத்துல ஒருத்தரைப் படி."

"இவர் பரவாயில்ல. நல்ல மனுஷன். ரூம்லேர்ந்து டாய்லெட்டுக்குப் போறார், ரெண்டு நிமிஷத்துல திரும்பி வர்றார்."

"புதுசுல இன்னொருத்தர்?"

"இந்தம்மாவும் டாய்லெட்லதான் குடித்தனம். அடுத்தவரும் அப்படித்தான். காலைல முதல் வேலையா கேட்டைத் தாண்டி வெளில போறார், சாயங்காலம் உள்ள வர்றார். என்ன மேடம் இது, புதுக் கட்டடம் பூராவுமே..."

குண்டூசி பாதியில் நிறுத்தினான். விரல் கீபோர்டின் மேலேயே நின்றுவிட்டது.

"பூராவுமே தலைகீழா இருக்கு," என்று மேடம் முடித்தார். "பழைய மெஷின் முதல்ல எங்கிருந்துன்னு எழுதும், அப்புறம் எங்கேன்னு எழுதும். புது மெஷின் முதல்ல போய்ச் சேர்ந்த இடத்தை எழுதும்போல இருக்கு. அது மேல இந்தத் தலைப்பை ஒட்டினதும், உள்ள போனவங்க எல்லாம் வெளில வந்துட்டாங்க, வெளில வந்தவங்க எல்லாம் உள்ள போயிட்டாங்க."

கால்குலேட்டர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். "ரெண்டுமே அறைப் பேர்தானேன்னு..." என்று இழுத்தார்.

"அப்படின்னா எங்க அக்கா..." குண்டூசி துள்ளி எழுந்தான். "இடைவேளைல உள்ள போகலை! வெளில வந்திருக்கா! அப்போ உள்ள இருந்தது..."

இடைவேளை வரிகளை ஒரு தடவை கண்ணால் ஓட்டிப் பார்த்த மேடம், திரையைப் பட்டென்று அணைத்துவிட்டார்.

"போதும். இது வெறும் ஊகம். தலைப்பை வெட்டியாச்சு, ஊகத்தை வச்சு யாரையும் விடவும் முடியாது, பிடிக்கவும் முடியாது. தலைப்போட அசல் பதிவு எங்க இருக்கு?"

"புதுக் கட்டடத்து மெஷின் ரூம்ல," என்றார் கால்குலேட்டர் ஈனக்குரலில். "அது ஒண்ணுதான்."

"சரி. எனக்குத் தலை வலிக்குது. எல்லாரும் கேன்டீன்ல ஒரு டீ குடிச்சிட்டு வருவோம். வந்து அந்த மெஷினைப் பார்க்கலாம்."

டீயா? இப்போதா? குண்டூசிக்கு மேடத்தைக் கடித்துவிடலாம் போல இருந்தது. அக்கா அங்கே ஆறின டீயோடு உட்கார்ந்திருக்கிறாள், இந்த அம்மாவுக்குச் சூடான டீ கேட்கிறதா? செக்யூரிட்டி ஆபீசர் "அதுவும் சரிதான், மேடம்" என்று சொல்லி, சாவிக்கொத்து குலுங்க முதல் ஆளாக வெளியேறினார். கால்குலேட்டர் தள்ளாடிக்கொண்டே பின்னால் போனார். மேடம் மேனேஜர் காதில் ஏதோ சொன்னார். மேனேஜர் தலையாட்டினார்.

"கேன்டீன் இந்தப் பக்கம், மேடம்," என்றான் குண்டூசி கடுப்பாக.

"நாம அந்தப் பக்கம் போறோம். வாயை மூடிக்கிட்டு வா."

குறுக்கு வழியில் ஓட்டமும் நடையுமாகப் போய், மூன்று பேரும் மெஷின் ரூமுக்குள் நுழைந்தார்கள். கதவு மூடியதும் மேனேஜர் தன் போனில் எதையோ தட்டினார். பதிவு மெஷின் மூலையில் உம்மென்று சத்தம் போட்டது. மேடம் அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டு, கையைக் காட்டி அவர்களையும் இழுத்துக்கொண்டார்.

"இப்ப கேளு," என்றார் மெதுவாக. "அட்டவணையைத் திருப்பிப் படிச்சா, இடைவேளைல சாவி அறைக்குள்ள இருந்த ஒரே ஆள் செக்யூரிட்டி ஆபீசர்."

"அப்பவே சொல்றதுக்கென்ன, மேடம்? அங்கயே சட்டையைப் பிடிச்சிருப்பேனே!"

"பிடிச்சா? அலாரம் செக் பண்ணப் போனேன்னு சொல்லுவார்."

மேனேஜர் திடுக்கிட்டுத் திரும்பினார். "முதல்ல அப்படித்தான் சொன்னார்! சாவி காணோம்னு தெரிஞ்ச அன்னைக்கு, இடைவேளைல அலாரம் செக் பண்ண உள்ள போனேன், பெட்டியை நான் கவனிக்கலைன்னு அவராவே வந்து சொன்னார். மறுநாள் ரிப்போர்ட் வந்ததும், நாள் மாறிப்போச்சு சார், அது வேற நாள்னுட்டார். ரிப்போர்ட்லயும் அவர் வெளில இருந்ததாத்தான் இருந்துச்சு. நானும் விட்டுட்டேன்."

"அதான் பாருங்க. இவன் அக்கா அட்டவணையோட சண்டை போட்டாங்க. அவர் சமாதானமாப் போயிட்டார். நான் உள்ளதான் இருந்தேன், உங்க ரிப்போர்ட் தப்புன்னு சொல்லவேண்டிய ஆள், கிடைச்சது லாபம்னு வாயை மூடிக்கிட்டார்."

"எல்லாம் சரி, சாவி எங்க, மேடம்? அவர் ரூமையும் நாங்க சோதனை போட்டாச்சே?"

மேடம் விரலை உதட்டில் வைத்தார். வெளியே காலடிச் சத்தம்.

பீப். அட்டையை மறுக்கிற சத்தம். மறுபடியும் பீப். இன்னொரு தடவை, கொஞ்சம் கோபமாக.

"இந்த ரூமுக்கு மட்டும் எல்லார் அட்டையையும் மேனேஜர் நிறுத்திட்டார்," என்றார் மேடம், உதடு மட்டும் அசைய. "இப்ப இந்தக் கதவைத் திறக்க ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அதால திறந்தா பதிவும் ஆகாது."

வெளியே கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. குண்டூசி மூச்சைப் பிடித்துக்கொண்டான். போய்விட்டானா? போய்த் தொலைந்துவிட்டானா?

சாவிக்கொத்து குலுங்கியது. துவாரத்தில் உலோகம் உரசியது. ஒரு க்ளிக்.

கதவு திறந்தது. செக்யூரிட்டி ஆபீசர் இரண்டு எட்டு உள்ளே வைத்து, மெஷினின் ஒயரில் கை வைத்த பிறகுதான் அலமாரிப் பக்கம் நின்ற மூன்று பேரைப் பார்த்தார். அவர் பார்வை தானாகக் கதவுக்குப் போனது. பூட்டின் அடியில் மூலச்சாவி சொருகியபடி இருந்தது. அவருடைய மொத்தச் சாவிக்கொத்தும் அதில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது.

"கொத்துல ஒண்ணா கோத்துக்கிட்டே சுத்தியிருக்கீங்களே," என்றார் மேடம். "காவல்காரர் இடுப்புல இருக்கிற சாவியை யார் எண்ணப் போறாங்க?"

மேனேஜர் போய்ச் சாவியை உருவிக்கொண்டார். செக்யூரிட்டி ஆபீசர் என்னென்னவோ சொல்ல ஆரம்பித்தார், யாரும் காது கொடுக்கவில்லை. மெஷினின் திரையில் மேடம் அசல் பதிவைத் திறந்தார். தலைப்புகள் இருந்தன. போய்ச் சேர்ந்த அறை. அதற்கு அடுத்து, கிளம்பின அறை.

குண்டூசி அதைப் படித்து முடிக்கக்கூட நிற்கவில்லை. ஓடினான். வராந்தா முழுக்க ஓட்டம்தான். நடுவில் அவன் அட்டை இல்லாமல் மாட்டிக்கொண்ட ஒரு கதவை யாரோ திறந்துவிட்டார்கள், நன்றி சொல்லவும் மறந்துபோனான்.

"அக்கா! கிடைச்சிடுச்சு! அந்தக் கொத்துக்காரன்தான்! அட்டவணையே தலைகீழ், அக்கா! தலைப்பை மாத்தி ஒட்டிட்டானுங்க! நீ ஷெட்லதான் இருந்த! தூங்கிட்டுத்தான் இருந்த!"

அக்கா எழுந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக. கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அவள் கண் நிறைந்திருந்தது, ஆனால் குரல் தெளிவாகவே வந்தது.

"நான் தூங்கினேன்னு எனக்குத் தெரியும்டா. மெஷின் சொல்லித்தான் உனக்குத் தெரியணுமா?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற குண்டூசி, அக்காவின் கையிலிருந்து டிபன் பையை மட்டும் வாங்கிக்கொண்டு, அவள் பின்னால் நடந்தான்.